நிலாவுக்குப் போன பெஞ்சு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போகிறவளைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பும்: அவளுக்கு எல்லாம் தெரியும். முதலில் வீட்டில் நம்புவார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் நம்புவார்கள். கடைசியாக அவளே நம்பிவிடுவாள். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் அந்தக் கடைசிக் கட்டத்தை வெகு சீக்கிரம் அடைந்தேன். மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். லயத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரை போனவள் நான் ஒருத்திதான். ஆடு ஏன் தழை தின்னவில்லை, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் எந்த ஊர்க்காரர், மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். (மருந்துப் போத்தலில் மட்டும் உள்ளதைச் சொன்னேன். மற்றவற்றில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஆடு தானாகவே பிழைத்துக்கொண்டது.) "தெரியாது" என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. அது படிக்காதவர்கள் சொல்கிற சொல் என்று எண்ணியிருந்தேன்.

இப்படிப்பட்டவளிடம் போய், நிலாவில் மனிதர்களை இறக்கிய கலத்தைச் செய்து காட்டச் சொன்னார் காதர் சேர்.

காதர் சேர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர். மடவளையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். எங்கள் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் விஞ்ஞானம் படிப்பதென்றால் கண்டிக்குத்தான் போக வேண்டும். அங்கே விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபரிடம், அதாவது தலைமையாசிரியையிடம், சேர் எனக்காகப் பேசிப் பார்த்தார். அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்டியில் நடக்கிற விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தான்தான் நடுவர் என்றும், பிள்ளை ஏதாவது செய்து கொண்டுவந்தால் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

அவர் பார்த்துச் சரி என்றால் ஜனவரியில் கண்டி. இல்லாவிட்டால் பேர் பதிய வேண்டியதுதான். பேர் பதிவதென்றால் தோட்டத்து வேலையாளாகச் சேர்வது. மறுநாளிலிருந்து மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பது. அக்கா என் வயதில் பதிந்தாள். வேலையாட்களை மேய்க்கிற கங்காணி எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம், "என்ன, சின்னவளுக்கு எப்பப் பதியிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அக்கா கல்யாணமாகிப் போகையில் விட்டுச்சென்ற கொழுந்துக் கூடை, புதுக் கயிறு கட்டி, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் தொங்கியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் படுத்தால் நேராகக் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கியது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்.) தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது அவர் பொறுப்பு. அந்த நாளில் மெல்லிய பலகையில் பெட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்து, அதில்தான் தூளை நிரப்பி அனுப்புவார்கள். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரிடம் கேட்டு, உடைந்த பலகைத் துண்டுகளும் கிழிந்த ஈயத்தாளும் அப்பா கொண்டுவந்தார். சேர் கொடுத்த படப் புத்தகத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவர் அறுத்தார். விரிந்து நிற்கிற நான்கு கால்கள். கால் நுனியில் தட்டுப் போல ஒரு பாதம். எட்டு மூலையாக அடிப்பாகம். அதன் மேல் கோணல் மாணலாக ஒரு தலை, முகத்தில் திறந்து மூடுகிற சின்னக் கதவு. ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற அளவு.

சாயங்காலம் இந்த வேலை நடக்கும்போது அம்மாவும் மாமாவும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். மாமா, அம்மாவின் தம்பி. பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். திருவிழாவில் தப்பு அடிப்பார். பூசாரி வராத நாளில் பூசையும் வைப்பார். கேட்க மூன்று பேர் கிடைத்துவிட்டால் எனக்குச் சொல்லவா வேண்டும்? அந்தக் கலத்தைப் பற்றிப் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"இதுக்குள்ள ஆசனமே கெடையாதுப்பா. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டேதான் எறங்குனாங்க."

அப்பா பலகை அறுக்கிற வாளை நிறுத்தினார். "நின்னுக்கிட்டா? நிலாவுக்கா?"

"ஆசனம் வச்சா எடை கூடும். நின்னா ஜன்னல்கிட்ட மொகத்த வச்சுப் பாக்கலாம். அதனால ஜன்னலயும் சின்னதா வச்சு அதுலயும் எடையக் கொறைச்சாங்க."

"என்னத்தப் பெரிய எடை. ஒரு பலகைத் துண்டுதானே" என்று அப்பா முணுமுணுத்தார். அவருக்கு அது பொறுக்கவில்லை. பன்விலைக்குப் போகிற பஸ்ஸிலேயே நின்றுகொண்டு போனால் அவருக்குக் கால் குடையும்.

"சாப்பாடு?" என்றாள் அம்மா.

"காயவச்ச சாப்பாடு. பைக்குள்ள இருக்கும். தண்ணி விட்டுப் பெசஞ்சு உறிஞ்சணும். இந்தக் கலத்துல சுடுதண்ணி கூட இல்ல, பச்சத் தண்ணிதான்."

"ஐயோ பாவமே. பெத்தவ பாத்தா என்னத்துக்கு ஆகும்?"

மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது சரி புள்ள. இந்த... வெளிக்கிப் போறதுக்கு?"

"கக்கூஸ் கெடையாது மாமா. அதுக்கும் பைதான்."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "அட! நம்ம லயத்துக்கு மட்டுந்தான் கக்கூஸ் கட்டித் தரலேன்னுல்ல நெனச்சேன்!"

சுவர் சில இடங்களில் ஈயத்தாளை இரண்டு மூன்றாக மடித்த கனம்தான் என்றேன். மாமா நம்பாமல் ஈயத்தாளில் விரலால் குத்தி, ஓட்டை போட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தார். கலத்துக்கு வழி சொல்கிற கணினியின் ஞாபகத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கம்பியை ஊசியில் கோத்து, நெய்து கொடுத்தார்கள் என்றேன். கம்பி வளையத்துக்குள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூச்சியம்.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு தப்பிப் போச்சுன்னா?"

"கலமே வழி தப்பிரும்."

"அப்ப பக்கத்துலயே ஒரு கங்காணி நின்னிருப்பானே."

"ஆமா, நின்னாரு" என்றேன். (புத்தகத்தில் கங்காணி எதுவும் இல்லை. நான் எப்போது தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்?)

நிலாவிலிருந்து கிளம்புகிற நேரத்தில் இயந்திரத்துக்கான ஒரு சுவிட்சின் முனை உடைந்து கிடந்ததையும், ஒருவர் தன்னிடமிருந்த பேனாவை ஓட்டைக்குள் விட்டு அழுத்தியதையும் சொன்னபோது அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லு. அங்கயும் நம்மள மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான்" என்றார். ஸ்டோரில் பாதி இயந்திரம் அப்படித்தான் ஓடியது.

கடைசியாகக் காலுக்கு வந்தேன். நான்கு கால்களில் மூன்றுக்கு மட்டும் பாதத்திலிருந்து கீழே நீளமாக ஒரு கம்பி உண்டு. கம்பி நிலத்தைத் தொட்டதும் உள்ளே விளக்கு எரியும். ஏணி இருக்கிற காலுக்கு மட்டும் கிடையாது. இறங்கும்போது வளைந்து மேலே நீட்டிக்கொண்டால், ஏணியில் வருகிறவரைக் குத்திவிடும். நான் மூன்று ஈர்க்கை ஒட்டினேன்.

"நாலாவது காலு மூளியா நிக்குதே புள்ள" என்றார் மாமா. "வண்டி கொறையோட பொறப்படக் கூடாது."

"அது கொறை இல்ல மாமா. அதுதான் விஞ்ஞானம்" என்றேன் அழுத்தமாக.

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டேன்.

பொன்னிறம் ஒன்றுதான் பாக்கி. உண்மைக் கலத்தின் அடிப்பாகத்தில் பொன் போல மின்னுகிற தாளைச் சுற்றியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது வெள்ளி நிறம். அம்மா அரிசிக் கஞ்சியில் மஞ்சளைக் குழைத்து, ஈயத்தாளில் மேலாக இழுத்துவிட்டாள். காய்ந்ததும் கலம் அம்மன் வாகனம் போல ஜொலித்தது. கஞ்சி காய்ந்தால் உதிரும் என்பதோ மஞ்சள் யாரையும் விடாது என்பதோ எனக்கு உறைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கண்காட்சி நாள் விடிந்தது. நான் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளித்துவிட்டு, "மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தால், வாசலில் கற்பூரம் எரிகிறது. கலம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரில் அதற்கு ஆரத்தி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில், அதாவது கதவுக்கு மேலே, மூன்று பட்டையாகத் திருநீறு. அதன் பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு திருஷ்டிப் பொட்டு.

"என்ன மாமா இது!"

"புது வண்டிய பூச போடாம எந்த மடையனாவது ரோட்டுல எறக்குவானா?"

நான்கு பாதங்களுக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம் பழங்களை நூலால் கட்டியிருந்தார். புது லொறிக்கு டயருக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். இதற்கு டயர் இல்லையே என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "அது அங்க போயி எறங்குறப்ப நசுங்கிக்கிரும்."

"அவுத்து எறிங்க மாமா! அந்த அம்மா பெரிய படிப்புப் படிச்சவங்க. பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"சரி சரி, அவுக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ சட்டைய மாத்து, போ."

நான் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது கலத்தை ஒரு பழைய சேலையில் இறுக மூட்டை கட்டியிருந்தார்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். இன்றைக்கு யாராவது அப்படி நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் கதவு வழியே சுவரில் தொங்கிய கூடையைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் அப்பா மூட்டையை மடியில் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். அது மணப்பெண் மாதிரி உட்கார்ந்து வந்தது. நான் நின்றுகொண்டு வந்தேன். கொண்டக்டர் சிங்களத்தில், இது என்ன, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். "ஹந்தட்ட யனவா" என்றார் அப்பா. நிலாவுக்குப் போகிறதாம். கொண்டக்டர் சிரிக்கவே இல்லை. நேர் பஸ் கிடையாது, வத்தேகமவில் இறங்கி மாற வேண்டும் என்றார். பஸ்ஸே சிரித்தது. ஒவ்வொரு வளைவிலும் மூட்டைக்குள் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. உருளுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது? கலத்துக்குள் நான் வைத்தது வெறும் காற்றுதான். கலம் பிளந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அவிழ்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கண்டியில் அந்த மண்டபத்தைப் பார்த்ததும் இருந்த கொஞ்சத் துணிச்சலும் போய்விட்டது. எல்லோர் காலிலும் வெள்ளைச் சப்பாத்து. ஒரு மேசையில் எரிமலை புகைந்தது. ஒரு மேசையில் மின்மணி அடித்தது. என் பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் வீட்டிலேயே சவர்க்காரம், அதாவது சோப்பு, செய்யும் முறையை விளக்கினார்கள். காதர் சேர் எனக்காகக் காத்திருந்தார்.

"மொகம் என்ன இப்பிடி இரிக்கி மகள்? ஒண்டும் யோசிக்க வாணாம். தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியாட்டித் தெரியாதுன்டு சொல்லுங்க. அவ்வளவுதான் வேல."

தெரியாதா? நானா? அந்தப் பயத்திலும் எனக்கு ரோஷம் வந்தது.

சேலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே, "அதிபர் வாறா" என்று யாரோ சொன்னார்கள். கஞ்சிப் பசை போட்ட வெள்ளை வெளேரென்ற சேலை. மெல்லிய தங்கக் கரை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. யாழ்ப்பாணத்து அம்மா. கலத்தின் நெற்றியில் இருந்த திருநீற்றை உள்ளங்கையால் மறைத்தபடி நான் நிமிர்ந்தேன். அப்பா கதவோரம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லும் பிள்ளை. இதென்ன?"

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே! இது நிலவில் மனிதரை இறக்கிய கலம். இதன் நான்கு கால்களில் மூன்றுக்கு மட்டுமே நிலத்தை உணரும் கம்பி உண்டு. ஏணி உள்ள காலுக்கு..."

"நாலிலையும் கம்பி நிக்குதே?"

பார்த்தேன். நான்கு இருந்தது. நான்காவது, விளக்குமாற்றிலிருந்து உருவிய புத்தம் புது ஈர்க்கு. அதன் நுனியில் ராசிக்காக ஒரு சிவப்புத் துணி வேறு.

"அது... பஸ்ஸில் காற்றுக்கு ஒட்டிக்கொண்டது, மிஸ்."

அதிபர் அந்தச் சிவப்புத் துணியின் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காற்று நன்றாகத்தான் முடிச்சுப் போட்டிருந்தது. "மேலே சொல்லும்" என்றார்.

நான் வேகமாக அடுத்ததற்குத் தாவினேன். "இந்தக் கலத்தின் விசேஷம் என்னவென்றால், இதற்குள் ஆசனமே கிடையாது!" என்று சொல்லி, வித்தைக்காரி போலக் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பெஞ்சு இருந்தது.

சும்மா பெஞ்சு இல்லை. தேய்த்து வழுவழுப்பாக்கி, சாய்மானம் வைத்து, தேயிலைப் பெட்டி ஆணி அடித்த பெஞ்சு. அதில் துணியில் செய்த இரண்டு பொம்மைகள் சௌகரியமாகச் சாய்ந்திருந்தன. ஒன்று கால் மேல் கால் போட்டிருந்தது.

"இதென்ன, வாங்கு?" என்றார் அதிபர். (யாழ்ப்பாணத்தார் பெஞ்சை அப்படிச் சொல்வார்கள்.) "ஆசனம் இல்லையெண்டு சொன்னீர்?"

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். மூலையில், பஸ்ஸில் உருண்டது எதுவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: ஒரு குட்டித் தகரப் பேணி, தண்ணீர் மொள்ளுகிற டின்.

"அந்தப் பேணி என்னத்துக்கு?"

எங்கள் லயத்தில் விடியற்காலையில் பேணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பற்றைக் காட்டுப் பக்கம் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் அது என்னத்துக்கு என்று தெரியும். எனக்கு மிக மிக நன்றாகத் தெரியும்.

"தெரியாது, மிஸ்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் "தெரியாது". அதுவும் பொய்.

அத்தோடு அவர் விட்டிருக்கலாம். பெஞ்சுக்கு அடியில் இலையில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அதிபர் கையை விட்டு அதை எடுத்தார். பிரித்தார். ரொட்டியும் கட்டைச் சம்பலும். மாவு கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. விடிய எழுந்து அம்மா சுட்டிருக்கிறாள். பசித்த வயிற்றோடு யாரையும் அவள் வீட்டைவிட்டு அனுப்பியதில்லை. அந்தப் பொம்மைகளுக்கு முன்னால் எறும்புகளுக்குப் பசித்திருக்கிறது. மடுல்கெல்லையிலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்த சிவப்பு எறும்புகள் ஒரு படையாக அதிபரின் கையில் ஏறின.

அவர் "ஆ!" என்று கையை உதறினார். முழங்கை கலத்தில் இடித்தது. கலம் ஒரு காலில் சுழன்று, மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்து, நேராக அவர் மேல் இறங்கியது. நான் பாய்ந்து பிடித்தேன். பிடித்த வேகத்தில் அதை அந்த வெள்ளைச் சேலையோடு சேர்த்து மேலிருந்து கீழ்வரை இழுத்துவிட்டேன்.

இடுப்பிலிருந்து கரை வரை மஞ்சள்.

மின்மணி நின்றுவிட்டது. எரிமலை கூட அடங்கினாற்போல இருந்தது. என் கண்ணுக்குள் கூடை ஆடியது.

படித்தவள் சும்மா நிற்பாளா? பக்கத்து மேசையிலிருந்து சவர்க்காரக் கட்டியைப் பிடுங்கினேன். "ஒரு நிமிஷம் மிஸ், இப்பப் போயிரும் மிஸ்" என்று தண்ணீர் தொட்டு முழு மூச்சாகத் தேய்த்தேன். அந்தப் பெண்கள் சவர்க்காரத்தில் காரத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவந்தது. இரத்தச் சிவப்பு. காலையில் அம்மா சுற்றிய ஆரத்தியை யாரோ அதிபர் மேல் கொட்டினாற்போல ஆயிற்று. கூட்டத்தில் ஒருத்தி வீரிட்டாள். யாரையோ குத்திவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

ஆரத்தி. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். காரம் பட்டால் சிவக்கும். அப்படியானால் புளிப்பு பட்டால்?

கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்; பெஞ்சும் பேணியும் கீழே உருண்டன. மாமா வாக்குத் தவறாத ஆள் என்று நான் என்றைக்குமே நம்பியதில்லை, நல்லவேளை. எலுமிச்சம் பழங்கள் நான்கும் பாதங்களின் அடியில் பத்திரமாக இருந்தன. ஒன்றைப் பல்லால் கடித்துப் பிளந்து, மண்டபமே பார்த்திருக்க, அதிபரின் சேலையில் பிழிந்தேன். சிவப்பு ஓடியது. பிழிந்த இடமெல்லாம் திரும்ப மஞ்சள்.

"எல்லாத்தையும் பிழியும்" என்றார் அதிபர். சேலையில் மஞ்சள் பட்ட பிறகு அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நான்கையும் பிழிந்தேன். சேலை வெள்ளையாகவில்லை. ஆனால் கொலை நடந்த தோற்றம் போய், கல்யாண வீட்டில் சறுக்கி விழுந்த தோற்றம் வந்தது.

"ஏன் சிவந்தது?"

"மஞ்சள் ஒரு காட்டி, மிஸ், காரமா அமிலமா என்று நிறத்தில் காட்டும். சவர்க்காரத்தில் காரம். எலுமிச்சையில் அமிலம்."

"ஏன் வெள்ளையாகேல்லை?"

வாயைத் திறந்தேன். "தெரியாது, மிஸ்." இந்த முறை உண்மை. உடம்பெல்லாம் கூசியது.

"தேசிக்காய் ஏன் காலுக்குக் கீழே இருந்தது?"

அப்போதுதான் என் மனதில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. இதெல்லாம் நான் செய்யவில்லை, வீட்டில் விபரம் தெரியாதவர்கள் செய்தது. சொல்லியிருந்தால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கதவோரம் அப்பா கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றார். அவர் பார்வை என்மேல் இல்லை. கீழே விழுந்து கிடந்த பெஞ்சின் சாய்மானம் உடைந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைத் தமிழெல்லாம் மறந்து, லயத்துத் தமிழில் சொன்னேன். "எங்க மாமா வச்சாரு மிஸ். புது வண்டிக்கு வைக்கிறது. பெஞ்சு எங்கப்பா செஞ்சது. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே போனாங்கன்னு நான்தான் வீட்டுல சொன்னேன். சுடுதண்ணி இல்லேன்னும் சொன்னேன். அவங்களுக்கு மனசு கேக்கல."

அதிபர் கீழே கிடந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பேணி?" என்றார்.

"...அதுவும் அப்பிடித்தான் மிஸ்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று துடித்தது. சட்டென்று கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மஞ்சள் சேலையோடு அடுத்த மேசைக்கு நடந்துவிட்டார். போகிற வழியில் அப்பாவிடம் மட்டும் நின்றார்.

"நீங்களோ அந்த வாங்கு செய்தது?"

"ஆமாங்கம்மா. தப்புங்களா?"

"தப்புத்தான்" என்றார். "ஆனா வடிவாச் செய்திருக்கிறியள்."

பரிசு எரிமலைக்குப் போனது. பாடசாலையில் எனக்கு இடம் தருவதைப் பற்றி அதிபர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்புகிற பஸ்ஸில் அப்பா மூட்டையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். வத்தேகம தாண்டியதும் அவர், "அந்த நாலாவது ஈர்க்க நான் வைக்கச் சொல்லல" என்றார். அவ்வளவுதான்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கங்காணி கேட்டுக்கொண்டே போனார். அம்மா ஒரு நாள் கூடையை எடுத்துத் தூசி தட்டி மறுபடி மாட்டினாள். மாமா என் கண்ணில் படாமல் நடமாடினார். எனக்குத் தெரியாததை யார் கேட்டாலும் நான் "தெரியாது" என்றேன். லயத்தில் எனக்குக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் காதர் சேர் மூச்சு வாங்க லயத்துக்கே ஏறி வந்தார். சேர் லயத்துக்கு வருவது வழக்கமில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜனவரியில வரட்டாம்" என்றார். "விஞ்ஞானம் படிப்பிக்கலாமாம். ஆனா தெரியாததத் தெரியாதுன்டு சொல்லப் பழகணுமாம். அதுக்குத்தான் கூடக் காலம் எடுக்கும்போலன்டு சொன்னா." சிரித்துக்கொண்டே சேர்த்தார்: "இன்னுமொண்டு. அந்த வாங்க உடைக்க வாணாமாம்."

கடைசியில் சொன்னதை அப்பா தன் வழியில் எடுத்துக்கொண்டார். ஜனவரியில் நான் விடுதிக்குப் புறப்பட்டபோது, என் தகரப் பெட்டியோடு, தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த ஒரு முழு அளவுப் பெஞ்சையும் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். விடுதியில் கதிரை இருக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். "இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா நீ நின்னுக்கிட்டா படிப்ப?" என்றார். அதே கொண்டக்டர்தான். பெஞ்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "இன்னும் நிலாவுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு வழிவிட்டார். பெஞ்சுக்கு அடியில், நான்கு காலுக்கும் நான்கு எலுமிச்சம் பழம். அது யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நானே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், அது மடுல்கெல்லைக் கடைத்தெருவாக இருந்தாலும், "பெஞ்சு வச்சாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். "பேணி?" என்று இன்னொரு குரல். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கூடையில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

மாமாவின் கதை மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. போன விடுமுறையில் அக்காவின் மகளை மடியில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளைக்காரன் அனுப்புனப்ப ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே போனாங்க. காலு வலிச்சுப் போச்சு. அப்பறம் நம்ம தோட்டத்துலருந்து ஒரு பெஞ்சு போட்டு அனுப்புனோம். அதுக்கப்பறந்தான் உக்காந்து போனாங்க."

அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நெசமா சித்தி? நீங்கதான் டீச்சராச்சே, சொல்லுங்க."

வாசலில் அப்பா, கேட்காதவர் போல, ஒரு ஆணியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

விடுதியில் பழகிய பிறகு நான் உண்மையான "தெரியாது" எத்தனையோ சொல்லியிருக்கிறேன். பொய்யாகச் சொன்னது இரண்டே இரண்டு. முதலாவது அந்தப் பேணிக்கு.

"தெரியாது கண்ணு" என்றேன்.